வராத சாம்பாரைப் படம் எடுக்கச் சொல்லும் செயலி

தோசை வந்துவிட்டது; சாம்பாரும் சட்னியும் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக் கடையிலிருந்தோ கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையிலிருந்தோ செயலி வழியாகச் சாப்பாடு வரவழைக்கும் குடும்பங்களுக்கு இது புதிய அனுபவம் இல்லை. அடுத்து நடப்பதும் பழகிப்போன ஒன்றுதான். உதவிப் பக்கத்தைத் திறந்து 'பொருள் வரவில்லை' என்பதை அழுத்தினால், எந்தப் பொருள் என்று செயலி கேட்கும். அது காட்டும் பட்டியலில் தோசை இருக்கும், வடை இருக்கும், தே தாரிக் இருக்கும். சாம்பார் இருக்காது, ஏனென்றால் சாம்பாருக்குத் தனி விலை கிடையாது. தோசை வரவில்லை என்று அழுத்தினால் அது பொய். உண்மையைச் சொல்லவோ பட்டியலில் இடமில்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் விவரமாக எழுதினால் படம் அனுப்பச் சொல்லும். வராத சாம்பாரை எப்படிப் படம் எடுப்பது? வெறும் தோசையைப் படம் எடுத்து அனுப்பியபின், ஆராய்ந்து பார்த்ததாகவும் இம்முறை பணம் திருப்பித் தர இயலவில்லை என்றும் பணிவான பதில் வரும். யார் ஆராய்ந்தார், எதைப் பார்த்தார், ஏன் மறுத்தார் என்ற விவரம் அதில் இருக்காது. கடைக்கு நேரில் போய்த் தப்பாவ் வாங்கியிருந்தால், "அண்ணே, சாம்பார் வைக்கலையே" என்ற ஒரு சொல்லில் முடிந்திருக்கும் விஷயம்.

இது சில்லறை விவகாரம், இதற்கெல்லாம் செய்தித்தாளில் இடம் வேண்டுமா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாள் கூலி 65 ரிங்கிட்டைச் சற்றே தாண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு சாப்பாடும் இரண்டு பிரியாணியும் வரவழைத்து, விநியோகக் கட்டணமும் செயலிக் கட்டணமும் சேர்த்தால் அந்த ஒரு நாள் கூலி ஏறக்குறைய காலி. அதில் பாதி கெட்டோ மாறியோ வந்தால் அரை நாள் உழைப்பு போயிற்று என்று பொருள். நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது சில்லறை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் எட்டு ரிங்கிட், பன்னிரண்டு ரிங்கிட் என்று மறுக்கப்படுவது யாரும் வழக்குப் போடமாட்டார்கள் என்ற அளவிலேயே நிற்கிறது. சேர்த்துப் பார்க்கும் இடத்தில் இருப்பவருக்கு மட்டும் அது பெரிய தொகை.

என் வாதம் ஒன்றுதான். குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பது மலேசியச் சட்டப்படி பயனீட்டாளரின் உரிமை. உணவு விநியோகச் செயலிகள் அதை நிறுவனம் மனமிரங்கித் தரும் சலுகையாக நடைமுறையில் மாற்றிவிட்டன. உரிமையைச் சலுகையாக்கும் அந்த மாற்றம் எந்த நாடாளுமன்றத்திலும் விவாதிக்கப்படவில்லை. நாம் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்திய பக்கங்களிலும், உதவிப் பக்கத்தின் கட்டங்களை அடுக்கிய விதத்திலும் அது சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் மின்னணு வணிகத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. 2007இல் திருத்தம் செய்து அதையும் உள்ளே கொண்டுவந்தார்கள். இன்று செயலியில் வாங்கும் நாசி லெமாக்குக்கும் கடையில் வாங்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் அடிப்படைப் பாதுகாப்பு ஒன்றே. பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும், சேவையைத் தகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும். இவை வாடிக்கையாளர் கேட்டுப் பெறுபவை அல்ல. விற்பனையோடு கூடவே வரும் உத்தரவாதங்கள். குறையுள்ள பொருளை முறைப்படி நிராகரித்தால் திருப்பித் தரும் தொகை பணமாக இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. வேறு எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இச்சட்டத்தின் விதிகளே நிற்கும் என்பதற்கும் தனிப் பிரிவு உண்டு. 2010இல் நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றி ஒரு பகுதியையே புதிதாகச் சேர்த்தார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமாக எழுதப்பட்ட விதியை, பயனீட்டாளர் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியிருந்தாலும் செல்லாது என்று அறிவிக்க அது வழி செய்கிறது. மின்னணு வணிகத்துக்கான 2012ஆம் ஆண்டு விதிமுறைகளின் இடத்தில் 2024 டிசம்பரில் புதிய விதிமுறைகளும் வந்துவிட்டன. ஆக, சட்டம் இல்லை என்று யாரும் கைவிரிக்க முடியாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? தீர்ப்புச் சொல்லும் இடத்தில். செயலி வழி உணவு விற்பனையில் கடைக்காரர், ரைடர், வாடிக்கையாளர் மூவரும் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. பணம் முதலில் போய்ச் சேர்வது செயலி நிறுவனத்திடம். ஆர்டரைக் கடை எத்தனை மணிக்கு ஏற்றது, ரைடர் எப்போது எடுத்தார், எந்த வழியாக வந்தார், எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்ற பதிவெல்லாம் இருப்பதும் அதனிடமே. தகராறு வந்தால் விசாரிப்பதும் அதுவே. பணத்தைத் திருப்பித் தந்தால் இழப்பைப் பங்கிட வேண்டியதும் அதுவே. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே சாட்சியும் நீதிபதியுமாக இருக்கும் ஏற்பாட்டை வேறு எந்த வணிகத்திலும் நாம் ஒத்துக்கொள்ளமாட்டோம். ஆனால் ஆதாரம் காட்டச் சொல்வது யாரை? கையில் ஒரு தொலைபேசியும் அரைகுறைப் பொட்டலமும் மட்டும் வைத்திருப்பவரை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தினமும் நடப்பதைப் பாருங்கள். ரைடரை மேலே விடமாட்டார்கள். பாதுகாவலர் சாவடிக்குப் பக்கத்து மேசையில் பையை வைத்து, ஒரு படம் எடுத்துவிட்டு, அடுத்த ஆர்டருக்கு ஓடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு வருமான இழப்பு. மின்தூக்கிக்குக் காத்திருந்து வீட்டுக்காரர் இறங்கி வருவதற்குள் பையை வேறு யாரோ எடுத்துப் போயிருக்கலாம். புகார் செய்தால் அந்தப் படமே பதிலாக வரும்: ஒப்படைக்கப்பட்டது. மேசைமேல் ஒரு பழுப்பு நிறப் பை, பின்னால் பாதி தெரியும் வருகைப் பதிவேடு. பை மேசைக்கு வந்தது என்பதற்கு அது சான்று. வாங்கியவர் கைக்கு வந்தது என்பதற்கும், உள்ளே என்ன இருந்தது என்பதற்கும் அது எப்படிச் சான்றாகும்? நிறுவனத்தின் படத்தை முழுச் சான்றாகவும் வாடிக்கையாளரின் படத்தைச் சந்தேகத்துக்குரியதாகவும் கொள்ளும் அளவுகோல், விசாரணை தொடங்கும்போதே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

பணம் தரச் சம்மதிக்கும்போதும் கணக்கு நேராக இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு வாங்கிய சைவச் சாப்பாட்டில் கோழிப் பொரியல் வந்தால், சைவக் குடும்பத்துக்கு அந்தப் பொட்டலம் முழுவதும் வீண். செயலியோ மாறி வந்த ஒரு வகையின் விலையை மட்டும் கழித்துப் பார்க்கும். ஹலால் விஷயத்தில் முஸ்லிம் குடும்பத்துக்கும் இதே நிலைதான். அத்தோடு விநியோகக் கட்டணம், செயலிக் கட்டணம், சிறிய ஆர்டருக்கென்று போட்ட கூடுதல் கட்டணம் இவையெல்லாம் பல நேரங்களில் அப்படியே நின்றுவிடுகின்றன. சாப்பிட முடியாத ஒன்றை வீடுவரை கொண்டுவந்ததற்குக் கூலி எதற்கு? இந்தியாவில் ஜோத்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023இல் இப்படியொரு வழக்கைப் பார்த்தது. சைவம் கேட்டவருக்கு அசைவம் போனதற்காக ஸொமேட்டோவுக்கும் மெக்டொனால்ட்ஸுக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தான் இடைத்தரகர் மட்டுமே என்பது ஸொமேட்டோவின் வாதம். மேல்முறையீடு செய்யப்போவதாகவும் அது அறிவித்தது. அந்த வழக்கின் முடிவு எதுவானாலும், ஆணையம் கோழித்துண்டின் விலையைக் கணக்கிட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

செயலியே சம்பந்தப்படாத விழுப்புரம் வழக்கு இதைவிடச் சுவையானது. 2022இல் ஒருவர் உணவகத்தில் 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடு பொட்டலமாக வாங்கினார், ஊறுகாய் வைக்கவில்லை. பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் என்று 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார்; கடை மறுத்தது. 2024இல் நுகர்வோர் ஆணையம் ஊறுகாய்க்கு 25 ரூபாயும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்து 35,000 ரூபாயும் தரச் சொன்னது. ஊடகங்கள் இதை வேடிக்கைச் செய்தியாகவே போட்டன. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தனி விலை போடாத பொருளுக்கும் மதிப்பு உண்டு, சாப்பாடு என்று விற்றால் அதோடு சேர வேண்டியதும் சேர்ந்தே வர வேண்டும் என்ற எளிய கொள்கைதான் அந்தத் தீர்ப்பு. சாம்பாருக்குப் பட்டியலில் இடம் தராத செயலிகள் படிக்க வேண்டிய தீர்ப்பும் அதுவே.

வவுச்சர் விஷயம் தனி. வங்கி அட்டையில் கட்டிய பணம் இ-வாலட்டுக்கோ, காலாவதித் தேதியுள்ள வவுச்சராகவோ திரும்புவது இத்துறையில் சாதாரணம். உடனே கிடைக்கிறதே, அட்டைக்குப் போக நாள் பிடிக்குமே என்பார்கள். வாடிக்கையாளர் தானே விரும்பி எடுத்தால் தடையில்லை. ஆனால் 'வவுச்சரை ஏற்கிறேன்' என்ற பொத்தான் பெரிதாகவும், பணமாகப் பெறும் வழி நான்கு பக்கம் தள்ளியும் இருந்தால் அது விருப்பம் ஆகாது. ஏமாந்தவர் அந்தப் பணத்தை மறுபடியும் அதே நிறுவனத்திடம்தான் செலவழிக்க வேண்டும் என்றால், நிறுவனத்துக்கு அந்தத் தவற்றால் நட்டம் எங்கே?

இனி எதிர்வாதங்கள். முதலாவது, கனமானது: பொய்ப் புகார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு 'வரவேயில்லை' என்று பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதைப் பற்றிப் புலம்பாத உணவகக்காரர் இல்லை. அந்தப் புலம்பலில் நியாயமும் இருக்கிறது. பிறர் உழைப்பைத் திருடுவதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைக்க முடியாது. ஆனால் இதற்கு நிறுவனங்கள் கையாளும் வழி என்ன? ஒருவர் முன்பு எத்தனை முறை புகார் செய்தார் என்பதைத் தானியங்கிக் கணக்கில் ஏற்றி, அதைப் பார்த்து அடுத்த புகாரை முடிவு செய்வது இத்துறையில் உள்ள பழக்கம். அதனால்தான் முதல் புகாருக்கு ஒரு நிமிடத்தில் பணம் வருகிறது. அதே போன்ற மூன்றாவது புகாருக்கு மறுப்பு வருகிறது. கிள்ளானில் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதே அடிக்கடி பொருளை விட்டுவிடும் கடை என்றால், அங்கே வழக்கமாக வாங்குபவர்தான் அடிக்கடி புகாரும் செய்வார். தானியங்கிக்கு அவர் ஏமாற்றுக்காரராகத் தெரிகிறார். அவர்மேல் சந்தேகம் இருப்பதையே அவரிடம் சொல்வதில்லை. சொன்னால்தானே மறுத்துப் பேச முடியும்? மோசடி நடந்தது என்று நிறுவனம் நம்பினால் அதை நேராகச் சொல்லட்டும், ஆதாரத்தைக் காட்டட்டும், கணக்கை மூடுவதானாலும் மூடட்டும். உண்மையான மோசடிக்காரர் வேறொரு எண்ணில் புதிய கணக்குத் திறந்துகொள்வார். காரணம் சொல்லாத மறுப்பில் அடிபடுவது ஒரே கணக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நேர்மையானவர்.

இரண்டாவது எதிர்வாதம் நம் சமூகத்தைக் கூடுதலாகத் தொடுவது. பணத்தைத் தாராளமாகத் திருப்பித் தரச் சொன்னால் சுமை முழுவதும் சிறு உணவகத்தின் தலையிலும் ரைடரின் தலையிலும் விழும் என்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைக் கடைகளும் கிள்ளான் மாமாக் கடைகளும் செயலிகளுக்குக் கொடுக்கும் தரகு 30 விழுக்காட்டை ஒட்டியிருப்பதாக உணவகத்தினர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதற்குமேல் ரைடர் கொட்டிய குழம்புக்கும் கடையே பணம் கொடுப்பது அநியாயம்தான். அந்த அநியாயத்துக்கு வாடிக்கையாளரின் பணத்தை மறுப்பது எப்படி மருந்தாகும்? தவறு யாருடையதோ செலவு அவருடையது என்று பிரிப்பதுதான் மருந்து. ஆஸ்திரேலியாவில் இது நடந்தது. தங்கள் கையை விட்டுப் போனபின் விநியோகத்தில் நேர்ந்த கோளாறுக்கும் உணவகங்களே பணம் திருப்பித் தர வேண்டும் என்று ஊபர் ஈட்ஸ் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அந்நாட்டின் போட்டி, நுகர்வோர் ஆணையம் அது நியாயமற்ற விதியாகலாம் என்று கேள்வி எழுப்பியது. 2019 ஜூலையில் நிறுவனம் விதியை மாற்ற ஒப்புக்கொண்டது: உணவு மாறினாலோ பொருள் விடுபட்டாலோ உணவகம் பொறுப்பு, அதன் கட்டுப்பாட்டுக்கு வெளியே நடப்பதற்கு இல்லை. எடுத்த நேரம், நின்ற இடம், வந்த வழி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கும் நிறுவனத்தால் இதைப் பிரித்தறிய முடியாது என்றால் நம்ப முடியவில்லை. ரைடர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு வழி பிறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டமுன்வரைவு, நிறுவனத்தின் முடிவை எதிர்த்து அவர்கள் முறையிடத் தனித் தீர்ப்பாயத்துக்கு இடம் தருகிறது. நிறுவனத்தின் முடிவை வெளியார் ஒருவர் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை ரைடர் விஷயத்தில் ஒப்புக்கொண்ட நாடு, வாங்குபவர் விஷயத்தில் மட்டும் ஏன் தயங்குகிறது?

பிடிக்காவிட்டால் வேறு செயலிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2018இல் ஊபர் தென்கிழக்காசியாவை விட்டுப் போனபின் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய அளவில் இயங்கும் உணவுச் செயலிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். உதவிப் பக்கங்களின் வார்த்தைகளும் ஏறக்குறைய ஒன்றேதான்.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பது கடைசி எதிர்வாதம். இருக்கிறது, நல்ல அமைப்பும்கூட. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் பொதுவாக அனுமதி இல்லை என்பதால் நிறுவனமும் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து மிரட்ட முடியாது. தீர்ப்புக்கு 14 நாளுக்குள் கீழ்ப்படியாவிட்டால் அது குற்றம். ஆனால் 12 ரிங்கிட் சாப்பாட்டுக்காக மனு நிரப்பி, எதிர்த்தரப்புக்கு முறைப்படி நகல் அனுப்பி, விசாரணை நாளில் வேலைக்கு விடுப்புப் போட்டுப் போவார்களா? ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் என்ற கணக்கை இங்கே திரும்பப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். இவ்வளவு சிறிய தொகையை அந்தத் தீர்ப்பாயம் நடைமுறையில் எட்டுவதில்லை. சிறு தொகையை அது எட்ட வேண்டுமானால், தனி மனிதரின் மனுவுக்காகக் காத்திராமல் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சே இறங்கி ஒப்பந்த விதிகளைப் பார்க்க வேண்டும். 2010 திருத்தம் அதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. உணவுச் செயலிகளின் மேல் அதை முழு வீச்சில் சோதித்துப் பார்ப்பதில் என்ன தயக்கம்?

அமைச்சு செய்ய வேண்டியது புதுமையும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2025இல் உணவுச் செயலிகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. உணவு வராவிட்டாலோ வேறு ஆர்டர் வந்தாலோ கட்டணங்கள் உட்பட முழுத் தொகையும் கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டும். தானியங்கியால் தீராத புகாருக்கு மனிதரோடு பேச வழி இருக்க வேண்டும். இவ்வளவுதான். நாம் கூடுதலாக ஒன்று கேட்கலாம்: மறுக்கும்போது காரணத்தையும், எந்தப் பதிவைப் பார்த்து மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். வராத சாம்பாரை வாங்கியவர் நிரூபிக்க வேண்டாம். வந்தது என்பதை, பதிவெல்லாம் கையில் வைத்திருப்பவர் நிரூபிக்கட்டும். இதனால் சாப்பாட்டு விலை ஏறும் என்றால், இன்று அந்த விலையை ஏமாந்தவர் மட்டும் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே ஒரு படம் எடுத்து வையுங்கள். வவுச்சர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள்; கட்டிய வழியிலேயே பணம் கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்த உரையாடலை அழியுமுன் படம்பிடித்து அமைச்சின் புகார்ப் பிரிவுக்கு அனுப்புங்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் ஒரு நகல் போகட்டும். எட்டு ரிங்கிட் புகார் என்று கூச்சப்பட வேண்டாம். மேசையில் அப்படிப்பட்ட புகார்கள் குவியாதவரை, உணவுச் செயலிகளால் மக்களுக்குப் பெரிய குறை எதுவும் இல்லை என்றுதான் அமைச்சின் கணக்கு காட்டும்.